குறையில்லாத கேரக்டரோடு யார் விளையாடுவது? ரோல்பிளே ஆட்டக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரோல்பிளேயில் புதிதாக ஒரு கேரக்டரை உருவாக்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆளைத்தான் உருவாக்குகிறார்கள். அவனுக்கு வாள் வீசத் தெரியும், வைத்தியம் தெரியும், பயம் தெரியாது. சின்ன வயதிலேயே பெற்றோர் இறந்துவிட்டார்கள். மற்றபடி ஒரு குறையும் கிடையாது. ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் போனதும், கூட விளையாடுபவர்களுக்கு அவனிடம் கேட்க ஒன்றும் இருக்காது. எல்லாவற்றையும் அவனே செய்துவிடுவதால் மற்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டினாலும் சரி, வாட்ஸ்அப்பிலோ டிஸ்கார்டிலோ மாறி மாறி எழுதினாலும் சரி, ரோல்பிளே என்பது கூட்டாகச் சொல்லும் கதை. உங்கள் கேரக்டரின் குறை வழியாகத்தான் மற்றவர்கள் உங்கள் கதைக்குள் வர முடியும். அந்தக் குறையை அமைப்பது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு வெள்ளகோவில் பக்கத்துக் கற்பனை ஆள் ஒருவரை உருவாக்கிக்கொண்டே போகலாம்.

## தொடங்கும் முன்: இது நமக்குப் புதிதல்ல

1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தபோது ஒரு கேரக்டர் என்பது பெரும்பாலும் வலிமை, அறிவு என்று சில எண்கள்தான். 1986-இல் வந்த கர்ப்ஸ் (GURPS) என்ற ரோல்பிளே விதிமுறையில், குறை ஒன்றை ஏற்றுக்கொண்டால் வேறு திறமை வாங்கப் புள்ளி கிடைத்தது. 2014-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, கேரக்டர் தாளிலேயே குறைக்கென்று தனிக் கட்டம் போட்டுக் கொடுத்தது.

கொங்கு நாட்டு உடுக்கையடிக் கலைஞர்களுக்கு இந்தக் கட்டம் தேவைப்படவில்லை. காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் பக்கத்தில் உள்ள ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965-இல் அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகவே ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்தக் கதையில் யாரும் குறையில்லாமல் இல்லை. அண்ணன்மாரான பொன்னர், சங்கர் இருவரின் அப்பா குன்னுடையான் வெகுளி. பங்காளிகள் அவரைச் சுலபமாக ஏமாற்றிவிடுவார்கள். பெரியவர் பொன்னர் பொறுமைசாலி. பொறுக்கக் கூடாத இடத்திலும் பொறுப்பார். சின்னவர் சங்கர் முன்கோபி. இருவருக்கும் ஆயுள் 16 வயதுதான் என்பது அவர்கள் பிறக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. முடிவு தெரிந்த பிறகும் கேட்கிறவர்கள் எழுந்து போவதில்லை. இந்தக் குணங்கள் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்யும் என்ற எதிர்பார்ப்பு அவர்களை உட்கார வைக்கிறது.

## படி 1: கஷ்டத்தையும் குறையையும் தனித்தனியாக எழுதுங்கள்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் கஷ்டம்: கேரக்டருக்கு நேர்ந்தது, அவர் கையில் இல்லாதது. வலப்பக்கம் குறை: அவராகச் செய்வது, வேறு மாதிரியும் செய்திருக்கக் கூடியது.

பெற்றோர் இறந்தது கஷ்டம். அதனால் யாரையும் அருகில் சேர்க்காமல் வெடுக்கென்று பேசுவது குறை. புதியவர்கள் பெரும்பாலும் இடப்பக்கத்தை நிரப்பிவிட்டு வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்தக் கேரக்டரைப் பார்த்துப் பரிதாபப்படத்தான் முடியும். அவரோடு சண்டை போடவோ சமாதானம் ஆகவோ முடியாது.

உடல் ஊனம், நோய், நிறம், சாதி, வறுமை எதையும் வலப்பக்கத்தில் எழுதாதீர்கள். அவை ஆளின் குறைகள் அல்ல. ஊர் அவற்றை வைத்து அவரை நடத்திய விதம் இடப்பக்கத்துக்குரியது.

## படி 2: கஷ்டத்தை ஊரிலிருந்து எடுங்கள்

“சபிக்கப்பட்ட இளவரசன்” எந்த ஊரிலும் பிறக்கலாம். அதனால்தான் அவன் யார் மனதிலும் நிற்பதில்லை. உங்களுக்குத் தெரிந்த மண்ணில் தேடுங்கள்.

பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தில் சுமார் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்துத் திருமூர்த்தி அணையிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள். வெள்ளகோவில் கிளை வாய்க்கால்காரர்கள் கடைமடையில் இருப்பவர்கள். முறை வந்தாலும் தண்ணீர் வந்து சேருமா என்று காத்திருப்பவர்கள்.

கூலிக்கு விசைத்தறி ஓட்டுபவரின் கவலை வேறு. நூல் விலை எகிறினால் பாவு கொடுப்பது குறையும். தறி நிற்கும், தறிமேல் வாங்கிய கடனுக்கு வட்டி நிற்காது.

ஒரே நிகழ்ச்சியிலிருந்து எதிரெதிரான இரண்டு பேரையும் எடுக்கலாம். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கிணறு கெட்டுப்போன விவசாயி ஒருவர், பட்டறை மூடி வேலை போன தொழிலாளி ஒருவர். இந்த இருவரையும் ஒரே குழுவில் போட்டால், ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டர் தனியாக ஒரு வில்லனைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

நம் உதாரணத்துக்குக் கடைமடையை எடுத்துக்கொள்வோம். நாச்சிமுத்து, வயது 38, நாலு ஏக்கர். சின்ன வயதில் அவர் அப்பாரோடு மடையில் ராத்திரி முழுக்க விழித்திருந்து காவல் காத்தும், விடியும்போது வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மேலே யாரோ திருப்பிவிட்டிருந்தார்கள்.

## படி 3: கஷ்டத்துக்கும் குறைக்கும் நடுவில் ஒரு நம்பிக்கை வையுங்கள்

கஷ்டம் நேராகக் குறையாக மாறாது. “இப்படி நடந்ததால் உலகத்தைப் பற்றி அவர் என்ன முடிவுக்கு வந்தார்?” என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். ஒரே வாய்க்காலில் ஏமாந்த மூன்று பேர் மூன்று விதமாக முடிவு செய்வார்கள்.

ஒருவர்: “அதிகாரி நம் கையில் இருந்தால்தான் தண்ணீர்.” அவர் எல்லோருக்கும் கூழைக்கும்பிடு போடுவார். இன்னொருவர்: “கேட்டு என்ன பிரயோசனம்?” அவர் எதிலும் முன்வர மாட்டார். நாச்சிமுத்து: “முந்திக்கொள்ளாதவனுக்கு மிச்சம் இல்லை.” அவர் பங்கு பிரிப்பதற்கு முன்பே தன் பங்கை ஒதுக்கிவிடுவார். திருட்டு என்று அதை அவர் நினைப்பதே இல்லை, முன்ஜாக்கிரதை என்பார்.

தான் செய்வது நியாயம் என்று கேரக்டர் நம்பும்போதுதான் குறை உயிரோடு இருக்கும்.

## படி 4: குறைக்கு விலை வையுங்கள்

நிறைய உழைப்பது, ரொம்ப நேர்மையாக இருப்பது இவையெல்லாம் வேலை தேடும் நேர்காணலில் சொல்கிற குறைகள். ஆட்டத்தில் செல்லாது.

மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் குறையால் கேரக்டர் எதையாவது இழப்பாரா? குழுவில் வேறொருவருக்கு நஷ்டம் வருமா? இரண்டு மூன்று செஷனுக்கு ஒருமுறையாவது இது தலைகாட்டுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் குறை பிழைக்கும்.

நம் ஆட்டம் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: வறட்சியில் கிடக்கும் ஒரு கற்பனைக் கிராமத்திலிருந்து ஐந்து பேர், வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று பார்க்கத் திருமூர்த்தி மலையை நோக்கி நடக்கிறார்கள். குடிதண்ணீர் அளவாகத்தான் இருக்கிறது. நாச்சிமுத்து இரண்டு பாட்டிலைத் தன் பையில் மறைக்கிறார். அடுத்த நாள் கூட வருகிற பெண்ணுக்கு மயக்கம் வருகிறது. இனி கதை தானாக நடக்கும்.

விலை அளவு மீறிப் போகவும் கூடாது. ஒவ்வொரு காட்சியிலும் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டு “என் கேரக்டர் அப்படித்தான்” என்று சொல்கிறவரை அடுத்த ஆட்டத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

## படி 5: குறையும் நிறையும் ஒரே வேரில் இருக்கட்டும்

ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-இல் வந்த நாவல். கணவனை இழந்த நாகம்மாள் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பணிந்துபோகாத அந்தப் பிடிவாதம்தான் அவளைத் தலைநிமிர வைக்கிறது. அதுவே, தூண்டிவிடுகிறவன் துணையோடு, கொலை வரைக்கும் கொண்டுபோகிறது. அவள் துணிச்சலை எடுத்துவிட்டால் குறையும் போய்விடும், நாகம்மாளும் போய்விடுவாள்.

உங்கள் கேரக்டரிடம் இதையே செய்து பாருங்கள். நாச்சிமுத்து எல்லாவற்றையும் எண்ணி வைப்பவர். அதனால்தான் பதுக்குகிறார். அதனால்தான் எத்தனை நாளைக்கு அரிசி வரும், யார் பொய்க்கணக்கு காட்டுகிறார்கள் என்று குழுவிலேயே அவருக்குத்தான் தெரியும். அவரைத் துரத்திவிடவும் முடியாது, நம்பவும் முடியாது.

## படி 6: சொல்லாதீர்கள், பேச விடுங்கள்

“நாச்சிமுத்து சந்தேகப் பிராணி” என்று அறிமுகத்தில் எழுதிவிட்டால், கண்டுபிடிக்க மற்றவர்களுக்கு ஒன்றும் மிச்சமிருக்காது. பேச்சில் கசிய விடுங்கள். கூட வரும் பெண் கேட்கிறாள்:

“ஏனுங்கண்ணா, நேத்து பதினாலு பாட்டில் இருந்துச்சுங்களே. இப்பப் பன்னெண்டுதான் இருக்குதுங்.”

“நீ தப்பா எண்ணியிருப்ப அம்முணி. வெயில்ல நடந்தா கண்ணு மங்கும்.”

“எண்ணிக் குடுத்ததே நீங்கதானுங்கண்ணா.”

“…அப்பச் சரியாத்தான் இருந்திருக்கும். நட, நட. பொழுது போகுது.”

பொய் சொல்கிறார், பேச்சை மாற்றுகிறார், பாசமாகவும் கூப்பிடுகிறார். குறையின் பெயரை யாரும் சொல்லவில்லை. எழுத்து ரோல்பிளேயில் இப்படி நாலு வரி போட்டுவிட்டு நிறுத்துங்கள். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று நீங்களே எழுதிவிடாதீர்கள். அவளை ஆடுகிறவருக்கு உரிய இடம் அது.

## படி 7: எல்லைகளை முன்பே பேசுங்கள்

ஆட்டம் தொடங்கும் முன் ஒருமுறை கூடிப் பேசுவதை ‘செஷன் ஜீரோ’ என்பார்கள். தற்கொலை, பாலியல் வன்முறை, சாதிக் கொடுமை, குழந்தைகளுக்கு நேரும் தீங்கு இவற்றில் எது வரலாம், எது வரவே கூடாது என்று அப்போதே முடிவு செய்யுங்கள். நடுவில் யாருக்காவது தாங்கவில்லை என்றால், காரணம் சொல்லாமலே காட்சியை நிறுத்த ஒரு சைகை வையுங்கள். மேஜை ஆட்டங்களில் இதற்கு ‘எக்ஸ் கார்டு’ என்ற அட்டையை நடுவில் வைப்பது வழக்கம்.

கடன் தொல்லையில் குடும்பத்தில் ஒருவரை இழந்தவர் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்குக் கதையாக இருப்பது அவர் வீட்டில் நடந்ததாக இருக்கும்.

## படி 8: மாறுவதற்கு இடம் விடுங்கள்

குறை தீர்வதற்கான நிபந்தனை ஒன்றை எழுதி, கேம் மாஸ்டரிடம் மட்டும் கொடுங்கள். நாச்சிமுத்துவுக்கு: “வரிசையில் கடைசியில் நிற்கும்போது, முன்னால் இருக்கும் ஒருவர் தானாக வந்து பங்கு கொடுக்க வேண்டும்.” அது நடந்தாலும் ஒரே நாளில் திருந்த விடாதீர்கள். முதலில் அவர் அந்தப் பங்கையும் எண்ணிப் பார்ப்பார்.

திருந்தாமலே போவதும் ஒரு முடிவுதான். அண்ணன்மார் கதையில் சங்கர் கடைசி வரை சங்கராகவே இருந்தார்.

## நிரப்பிய தாள்: ஒரு மாதிரி

பெயர், வேலை: நாச்சிமுத்து, 38, கடைமடை விவசாயி
கஷ்டம்: காத்திருந்தும் தண்ணீர் வராத வாய்க்கால்
நம்பிக்கை: முந்திக்கொள்ளாதவனுக்கு மிச்சம் இல்லை
குறை: பொதுப்பங்கில் முன்கூட்டியே பதுக்குவது
விலை: கூட்டாளிகளின் உயிருக்கு ஆபத்து, நம்பிக்கை இழப்பு
மறுபக்கம்: பிசகாத கணக்கு
யாரிடம் உறைக்கும்: கூட வரும் பெண்ணிடம், அவர் எண்ணிக்கையை மறுத்துப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்

உங்கள் தாளில் இந்த ஏழு வரி போதும். பக்கம் பக்கமாக முன்கதை வேண்டாம். ஏழாவது வரி காலியாக இருந்தால், குழுவில் ஒருவரைக் கேட்டு அதை நிரப்பிய பிறகே முதல் செஷனுக்கு உட்காருங்கள்.