சில்லு போல விழும் தட்டு

நாகரசம்பட்டி

அன்புள்ள கண்ணு,

பின்லாந்தின் தம்பேரேயிலிருந்து நீ அனுப்பிய டிஸ்க் கோல்ஃப் வீடியோவை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நாற்பது மீட்டரிலிருந்து கூடையைப் பார்த்து எறிகிறாய். தட்டு நேராகத்தான் போகிறது. ஆனால் கூடையைத் தாண்டி இன்னும் பதினைந்து மீட்டர் மிதந்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போய் இறங்குகிறது. கை சரியில்லையா, தட்டு சரியில்லையா என்று கேட்டிருக்கிறாய். கை நன்றாக இருக்கிறது. தட்டுக்குத்தான் இறங்க மனசில்லை.

"பிள்ளைக்கு வேற பட்டர் வாங்கணும்" என்று உன் பெரியம்மாவிடம் சொன்னேன். அந்த ஊரில் வெண்ணெய்க்கா பஞ்சம் என்றாள். பட்டர் என்றால் கூடைக்குப் பக்கத்திலிருந்து எறியும் தட்டு என்று அவளுக்கு எங்கே தெரியும்!

நம் வாசலில் பாண்டி ஆடுவாயே, நினைவிருக்கிறதா? வழுவழுப்பான சில்லை நீ தொட்டதே இல்லை. உடைந்த நாட்டு ஓட்டில் தடித்த துண்டாகப் பார்த்து எடுத்து, திண்ணைக் கல்லில் தேய்த்து வைத்துக்கொள்வாய். எறிந்த கட்டத்திலேயே அது தொப்பென்று விழுந்து கிடக்கும். இப்போது உனக்கு வேண்டியது அந்த மாதிரித் தட்டு.

சென்னைக் கடற்கரையில் நீ அல்டிமேட் ஆடிய தட்டு 175 கிராம், குறுக்களவு சுமார் 27 சென்டிமீட்டர். பட்டரும் கிட்டத்தட்ட அதே எடைதான், ஆனால் அகலம் 21 சென்டிமீட்டரும் கொஞ்சமும். அதே எடையைத் தாங்கப் பரப்பு குறைவு என்பதால் சீக்கிரம் இறங்கும். பட்டர்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. நடுவில் மேடாக இருப்பதைக் காற்று தூக்கிக்கொள்ளும். தட்டையாகவோ லேசாகக் குழிந்தோ இருப்பதை அவ்வளவாகத் தூக்காது.

தட்டுக்கு நான்கு எண் கொடுப்பார்கள்: வேகம், கிளைடு, டர்ன், ஃபேட். நீ பார்க்க வேண்டியது இரண்டாவது எண், தட்டு எவ்வளவு மிதக்கும் என்பது. உன் பையிலிருக்கும் இன்னோவா ஏவியாருக்கு அது 3. அதே கம்பெனியின் ரைனோ, பிக் இரண்டுக்கும் 1. உன் பக்கத்து நாடான ஸ்வீடனில் காஸ்டாபிளாஸ்ட் செய்யும் பெர்க்குக்கும் 1. டிஸ்கிராஃப்ட் ஸோன் வாங்கு என்று நாலு பேர் சொல்வார்கள். நல்ல தட்டுதான். ஆனால் அதற்கும் கிளைடு 3. ஃபேட் 3 இருப்பதால், வலக்கையால் பின்கை வீசும் உனக்கு அது கடைசியில் இடப்பக்கம் வளைந்து இறங்கும். வளைந்து இறங்குவது வேறு, மிதக்காமல் இறங்குவது வேறு. ரைனோவுக்கும் பிக்குக்கும்கூட ஃபேட் 3. பெர்க்குக்கு 2. நேராக எறியத் தெரிந்த கைக்கு எதற்கு அத்தனை வளைவு? பெர்க்கையே வாங்கு.

எண்ணை மட்டும் நம்பிக் காசைக் கொடுத்துவிடாதே. முப்பது வருஷம் ஓசூர் சிப்காட்டில் மோல்டிங் மெஷின் பக்கத்தில் நின்றவன் சொல்கிறேன். ஒருமுறை டிரம் மூடி ஓட்டும்போது, ஷிஃப்ட் கணக்கை எட்டிப் பிடிக்க கூலிங் டைமில் நான்கு செகண்டைக் குறைத்தேன். காலையில் வந்து பார்த்தால் மூடி ஒவ்வொன்றும் பொரித்த அப்பளம் மாதிரி நடுவில் எழும்பி நிற்கிறது. மோல்டு அதேதான், ஆறியது சரியில்லை. மெட்டீரியலை மாற்றினாலும் இதே கதைதான், சுருக்கம் மாறிவிடும். தட்டும் இப்படி வார்ப்பதுதான். அதனால் கடையில் இருக்கிற பெர்க்கையெல்லாம் எடுத்துக் கண் மட்டத்தில் பிடித்துப் பார். ஸ்கேல் ஒன்றை மேலே குறுக்கே வை. நடு எழும்பாததாக எடு. குளிரில் கெட்டி பிளாஸ்டிக் கையை விட்டு வழுக்கும், கொஞ்சம் மெத்தென்று இருப்பது உனக்கு நல்லது.

இந்த ஆட்டம் எனக்குப் பழக்கமானது மின்னசோட்டாவில், உன் அண்ணன் வீட்டில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தபோது. பார்க்கில் இலவசம், பொழுது போகவேண்டுமே. முதல் நிரந்தர மைதானத்தை 1975-இல் கலிஃபோர்னியாவில் அமைத்தவர் எட் ஹெட்ரிக். சங்கிலிக் கூடையும் அவர் யோசனைதான். 2002-இல் அவர் இறந்த பிறகு, அவர் ஆசைப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டு வார்த்தார்கள். எந்த மெஷினில் ஓட்டினார்கள், எத்தனை சதவீதம் கலந்தார்கள் என்றுதான் என் புத்தி போனது.

ஒரு எச்சரிக்கை. மிதக்காத தட்டுக்குக் கை வேகம் கூடுதலாக வேண்டும். நம் தோப்பில் பெங்களூரா மாமரங்களுக்கு நடுவே காய் அடுக்கும் கிரேட்டைக் கூடையாக வைத்து எறிந்து பார்த்ததில், எனக்கு இருபத்தைந்து மீட்டர் சுகம். நாற்பது என்றால் தோளை இழுக்கிறேன், தட்டு வரிசை மாறிப் பக்கத்து மரத்தில் மோதுகிறது. நீ எப்போதும் தாண்டிப் போகிறவள், உனக்கு அது பொருந்தும். கூடைக்கு முன்னாலேயே தட்டு விழுந்துவிடுகிற சிநேகிதிக்கு வாங்கிக் கொடுத்துவிடாதே. இருபது, முப்பது, நாற்பது மீட்டரில் பத்துப் பத்துத் தடவை எறி. கூடையைச் சுற்றிப் பத்து மீட்டர் வட்டத்துக்குள் எத்தனை நின்றது என்று எழுதி வை. வட்டத்துக்குள் வந்தபிறகு ஏவியாரை எடுத்துக்கொள். பெர்க்கை எறியும்போது நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்காதே. உயரத்திலிருந்து சாய்ந்து விழுந்தால் தட்டு விளிம்பில் உருண்டு ஓடிவிடும்.

2025-இல் உலகச் சாம்பியன்ஷிப்பே உங்கள் ஊர்ப்பக்கம்தான் நடந்தது, நல்ல மைதானங்கள் இருக்கும்.

இங்கே காய் இறக்குகிறார்கள். கிரேட் எல்லாம் லாரி ஏறிவிட்டதால் இப்போதைக்குத் தண்ணீர்த் தொட்டிதான் எனக்குக் கூடை. வாங்கினால் இரண்டாக வாங்கு, ஒன்று எனக்கு. உன் பெரியம்மா வெண்ணெய் வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
பெரியப்பா