மரத்தைத் துகளாக்கும் இயந்திரம்: வாங்க வேண்டியவர் யார்?

நாம் கடையில் நிறுத்து விற்கும் பாதாம் பருப்புக்குப் பின்னால் ஒரு கனரக இயந்திரத் தொழில் இருக்கிறது. உலகப் பாதாம் விளைச்சலில் ஏறத்தாழ 80 வீதம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கிடைக்கிறது. அங்கே ஒரு தோட்டம் சுமார் 25 வருடங்கள் நல்ல பலன் தரும். அதன்பின் மரங்களைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடவேண்டும். பிடுங்கிய மரங்களை எங்கே போடுவது? இந்தக் கேள்வியிலிருந்துதான் அந்தத் தொழில் பிறந்தது.

முன்பெல்லாம் குவித்து எரித்தார்கள். அதுதான் மலிவான வழி. ஆனால் தோட்டங்கள் நிறைந்த சான் வாக்கீன் பள்ளத்தாக்கு மலைகள் சூழ்ந்தது. புகை வெளியேறாமல் தேங்கிவிடும். 2003இல் எரிப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பலர் மரத்தைச் சீவலாக்கி மின் நிலையங்களுக்கு எரிபொருளாக அனுப்பினார்கள். 2015ஐ ஒட்டிய வருடங்களில் அந்நிலையங்கள் பல மூடப்பட்டதும் அந்த வழியும் சுருங்கியது.

இதற்கிடையில் 2008இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக விவசாய ஆலோசகர் பிரென்ட் ஹோல்ட்ஸ் ஒரு பரிசோதனை செய்தார். 'அயர்ன் வுல்ஃப்' என்ற 50 தொன் இயந்திரத்தைப் பழைய தோட்டமொன்றில் இறக்கி, மரங்களை அரைத்து அதே மண்ணில் கலந்தார். ஒப்பிடுவதற்காகப் பக்கத்துப் பாத்திகளில் மரத்தை எரித்தார். இரண்டிலும் பாதாம் நடப்பட்டது. 2020இல் வெளியான ஆய்வின்படி, அரைத்துக் கலந்த பாத்திகளில் மொத்த விளைச்சல் 19 வீதமும், நீரின் பயன் 20 வீதமும் அதிகம்.

அப்படியானால் எல்லோரும் அந்த 50 தொன் இயந்திரத்தையா வாங்கினார்கள்? இல்லை. இன்று அங்கே வேலை பிரித்துச் செய்யப்படுகிறது. பெக்கோ மரத்தைச் சாய்க்கிறது. பெரிய அரவை இயந்திரம் அதைச் சீவலாக்குகிறது. எரு தூவும் வண்டியை மரச்சீவலுக்கேற்ப மாற்றியமைத்து வயலெங்கும் பரப்புகிறார்கள். பின்னர் உழுது புதைக்கிறார்கள். என் கணிப்பில் இதுவே புத்திசாலித்தனமான ஏற்பாடு. எல்லாம் ஒரே இயந்திரத்தில் இருந்தால் ஒரு பாகம் பழுதானாலும் முழு வேலையும் நின்றுவிடும். பெக்கோவுக்கோ வேறு வேலையும் கிடைக்கும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். தோட்டக்காரருக்கு இந்த வேலை 25 வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். அவர் இயந்திரம் வாங்கினால் அது கொட்டகையில் துருப்பிடிக்கும். ஆகவே வாங்குபவர் ஒப்பந்தக்காரர். அவர் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,000 டொலர் கூலி பெற்று, தோட்டம் தோட்டமாகப் போகிறார். எரிப்பதைவிட இது அதிகச் செலவு என்பதால் 2018இலிருந்து காற்று மாசுக் கட்டுப்பாட்டு நிர்வாகம் தோட்டக்காரருக்கு மானியம் கொடுத்தது. மானியத்தை நம்பிய தொழில் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. 2003இல் சட்டம் வந்தாலும் அதன் முழு அமுலாக்கம் தள்ளிக்கொண்டே போனது. எரிப்பை ஏறக்குறைய முற்றாக நிறுத்துவதற்கான இறுதித் திகதி 2025 ஜனவரி 1 என்று 2021இல்தான் முடிவானது. சட்டம் வந்துவிட்டதே என்று 2004இல் கடன் வாங்கி இயந்திரம் இறக்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். வட்டி காத்திருக்காது.

தோட்டக்காரருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. மண்ணில் மரத்துகள் உக்கும்போது நைதரசனை இழுத்துக்கொள்ளும். முதல் வருடம் நைதரசன் உரத்தை இரட்டிப்பாக்காவிட்டால் கன்றின் வளர்ச்சி குன்றக்கூடும். கூலி பேசும்போது இந்தச் செலவையும் சேர்த்தே பேசவேண்டும்.

இத்தகைய இயந்திரத்தைச் சொல்லிச் செய்விப்பவர் விலைக்கு முன்பே சில விடயங்களை எழுத்தில் வாங்கவேண்டும்: எத்தனை அங்குலத் தடிப்புள்ள மரம், மணிக்கு எத்தனை தொன், சீவலின் அளவு, உதிரிப்பாகம் வரும் நாட்கள். பற்களைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். வேரோடு ஒட்டிவரும் மண்ணும் கல்லும் மரத்தைவிட வேகமாக அவற்றைத் தேய்த்துவிடும்.