பைன் எண்ணெயும் பன்னீர்த் திராட்சையும்

பந்தலுக்கு அடியில் களையும் பந்தலின்மேல் நோயும் ஒருங்கே நீங்கப் பைன் மர எண்ணெய் ஒன்று போதும். அது மரத்தில் விளைவது, ஆகவே தீங்கற்றது என்று கேள்வியுற்ற அங்கத்தினர் சிலர், சங்கத்தின் வாயிலாக அதனை மொத்தமாக வாங்கித் தரும்படி கோருகின்றனர். பணம் கட்டுமுன் அதன் குணத்தை அறிந்துகொள்ளுதல் நலம்.

கொடைக்கானல் மலையில் ஊசி போன்ற இலைகளுடன் நிற்கும் பைன் மரங்களை நம்மிற் பலர் கண்டிருப்பர். இமயச் சாரலில் அவ்வினத்து மரங்களைக் கீறிப் பாலெடுத்து வடித்தால் டர்பன்டைன் கிடைக்கிறது. இன்று விற்கும் பைன் எண்ணெயிற் பெரும்பகுதி அந்த டர்பன்டைனிலிருந்து ஆலைகளில் செய்யப்படுவதே. தரை கழுவும் திரவங்கள் சிலவற்றில் வீசும் மணம் இதனுடையதுதான்.

களை விஷயத்தில் இதன் வல்லமை மெய்யே. நியூசிலாந்தில் செயற்கை மருந்துகளைத் தவிர்க்கும் தோட்டக்காரர்கள் இதனைக் களைக்கொல்லியாகக் கையாள்கின்றனர். இலையின்மேல் நீர் வற்றாது காக்கும் மெழுகுப் படலம் ஒன்று உண்டு. எண்ணெய் அதனைக் கரைத்து, உள்ளிருக்கும் உயிரணுக்களின் சவ்வையும் சிதைக்கிறது. வெயில் ஏறியதும் இலை வாடிக் கருகுகிறது. ஆனால் பட்ட இடந்தான் கருகுமேயன்றி, மருந்து வேருக்கு இறங்குவதில்லை. இரண்டு மூன்று இலை விட்ட இளங்களை மாய்ந்துபோம். கோரையோ மண்ணுக்குள் கிழங்கை வைத்துக்கொண்டு மறுபடியும் தலை நீட்டும், அறுகும் அவ்வாறே. மேலும் இது சொட்டுக் கணக்கில் கலக்கும் மருந்தன்று. பத்தில் ஒரு பங்கு கலப்பதானால் 200 லிட்டர் கலவைக்கு 20 லிட்டர் எண்ணெய் வேண்டும். களை கொத்தும் கூலியோடு இச்செலவை ஒப்பிட்டுப் பார்க்க.

நோயின் கதை வேறு. ஆய்வுக்கூடத் தட்டில் ஊசியிலை மர எண்ணெய்கள் பூஞ்சை பலவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. மூடிய தட்டில் ஆவி தங்கும். ஆடிக் காற்று வீசும் நம் பந்தலில் தங்குமோ? நம்மை வாட்டும் அடிச்சாம்பல் நோயின் வித்து, இலையின் ஈரத்தில் நீந்திச் சென்று அடிப்புறத்துத் துளைவழி நுழைவது. ஈரம் நீடிக்கும் நாளெல்லாம் மருந்து இலையில் ஒட்டியிருந்தாலன்றிப் பயனில்லை. 1885இல் பிரான்சு நாட்டில் மில்லார்டே என்பார் வெளியிட்ட மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை இன்றளவும் நிலைத்திருப்பது, செம்பு அவ்வாறு ஒட்டி நிற்பதாலேயே. விரைந்து ஆவியாகும் எண்ணெய்க்கு அத்தன்மை இல்லை. வலுவுக்காக அளவைக் கூட்டினாலோ, களையைக் கருக்கிய அதே குணம் கொடியின் தளிரையும் பூங்கொத்தையும் கருக்கிவிடும். ஒரே மருந்து இரண்டுக்கும் ஆகாது என்பதன் காரணம் இதுவே.

ஆதலால் களைக்கு மட்டும் வேண்டுவோர், 1968ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டப்படியான பதிவு எண் டப்பாவில் உண்டா என முதலிற் பார்க்க. இல்லையேல் வாங்க வேண்டா. தரை கழுவும் எண்ணெயைத் தோட்டத்தில் தெளிக்கவே கூடாது. பதிவு உள்ளதாயின், ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தாரைக் கலந்துகொண்டு, காற்றடங்கிய காலையில், தெளிப்பான் முனைக்குக் கவசமிட்டு, ஒரே ஒரு வரிசையில் தெளிக்க. இளங்கொடியின் பச்சைத் தண்டிலும் தெளிப்பவர் கண்ணிலும் படலாகாது. 15 நாள் கழித்துக் கோரை மீண்டும் முளைத்துள்ளதா எனப் பார்த்துச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். மொத்தக் கொள்முதலைப் பிறகு பேசலாம்.