முதுமையும் இரத்த அழுத்தமும்

நம் ஆகமங்கள் கூறும் புறத்தவம் ஆறனுள் நான்காவது இரசபரித்தியாகம். பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ விடுதல் அதன் இலக்கணம். புலனடக்கத்திற்கென அமைந்த இத்தவத்துள் உப்பும் இடம்பெற்றிருப்பது முதியோர் உடல்நலத்திற்கும் துணையாகின்றது.

வயது ஏற ஏற இரத்தக் குழாய்கள் நெகிழ்ச்சி குறைந்து விறைப்படைகின்றன. அதனால் இதயம் சுருங்கும்போது உண்டாகும் மேல் அழுத்தம் உயர்கின்றது. வெவ்வேறு நாள்களில் மருத்துவர் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் அதனை உயர் அழுத்தம் என்பர். அது பெரும்பாலும் அறிகுறியின்றி வளர்ந்து பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கேடு ஆகியவற்றிற்கு வழிவகுக்கும். ஆகவே அவ்வப்போது அளந்தறிதல் கடமையாகும்.

நாளொன்றுக்கு 5 கிராமிற்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் இவற்றின் உப்பும் இக்கணக்கில் அடங்கும்.

இனி, உபவாச நாளில் மாத்திரையை விடலாமா எனின், தாமாக விடுதல் தகாது. சில மருந்துகளைத் திடீரென நிறுத்தின் அழுத்தம் மிக உயரும். நீரும் அருந்தாது, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை மட்டும் உட்கொண்டால் அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரலாம். எனவே விரதத்திற்கு முன்பே மருத்துவரிடம் கூறி முறை வகுத்துக்கொள்வோம். இரவுண்ணா நோன்புடையோர், இரவு மாத்திரையைப் பொழுது சாயுமுன் கொள்ளலாமா எனவும் கேட்டறிதல் நன்று.

பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவமும் ஒன்றன்றோ! அந்த அளவறிந்து நோற்போம். நலமுடன் அறம் வளர்ப்போம்.