பிரேக் குழாயும் பாஸ்கல் விதியும்

மூடிய கலத்தில் அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். இது பள்ளி நாளிலேயே நாம் மனப்பாடம் செய்த பாஸ்கல் விதி. பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல் 1662-ல் மறைந்தார். இது பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. ஆயினும், அவ்விதி காரை நிறுத்தும் தொழிலுக்கு வர இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1921-ல் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக்குடன் வந்தது. போர்டு கார்கள் 1939-ஆம் ஆண்டு மாடலில்தான் அம்முறைக்கு மாறின. நம் நாட்டில், சென்னையை அடுத்த பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-ல் தொடங்கப்பெற்றது.

அக்காலத்து வண்டிகளில் ஒன்று எப்.சி.150 என்னும் மூக்கில்லாத ஜீப் பிக்கப். அமெரிக்காவில் 1956-ன் இறுதியில் அறிமுகமாகி 1965-ல் நின்றுபோன அந்த வகையை, நம் நாட்டில் மகீந்திரா நிறுவனம் தொடர்ந்து செய்துவந்தது. பெங்களூரு ஜே.சி. சாலையை அடுத்த சந்து ஒன்றில், அத்தகைய வண்டியொன்றைப் புதுப்பித்து வந்தார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே கையாளாக நின்று கற்றதை இங்கே எழுதுகிறேன்.

வண்டியின் இரும்புக் குழாய்களில் ஒன்றுதான் ஒழுகியது. மற்றவை துருவேறியிருந்தும் ஒழுகவில்லை. ஒழுகுவதை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். மேஸ்திரி சிரித்தார். “இதுவரைக்கும் ஒழுகலேங்கறது ஒரு சாட்சியா தம்பி? முழுசா மிதிச்சுப் பார்த்தீங்களா?” என்றார். அவர் கேட்டதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

சாதாரணமாக நாம் 20 கிலோ விசையோடு பெடலை மிதிப்பதாகக் கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அதன் பெருக்கம் 5 என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன்மேல் 100 கிலோ விசை விழும். 1 அங்குல விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 5 சதுர செ.மீ. ஆகவே, குழாயினுள் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 20 கிலோ. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் எப்படி மிதிப்போம்? 60 கிலோ விசையோடு மிதித்தால் அழுத்தம் 60 கிலோவாக, மும்மடங்காக உயர்ந்துவிடும். துரு அரித்து மெலிந்த குழாய் முதல் அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கலாம். இரண்டாவதைத் தாங்காமல் வெடிக்கலாம். அன்றாடம் தேர்ச்சி பெறும் குழாய், உயிர் போகும் நேரத்தில்தான் தோல்வியுறும். இதுவே இதன் கொடுமை.

அக்கால ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றுதான். எங்கு உடைந்தாலும் எல்லாச் சக்கரங்களின் பிரேக்கும் போய்விடும். எஞ்சுவது கைப்பிரேக் ஒன்றே. அழுத்தத்தைக் குறையாமல் பரப்பும் அதே விதி, ஓரிடத்துக் குறையையும் எல்லா இடத்துக்கும் பரப்பிவிடுகிறது. பிற்கால வண்டிகள் இரண்டு தனிச் சுற்றுகளைக் கொண்டதற்குக் காரணம் இதுவே. ஆகவே, ஒற்றைச் சுற்று வண்டியில் குழாய்களை ஒருசேர மாற்றுவதே முறை.

இனி, வேலையின் வரிசையைக் காண்போம். வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நம்பி விடலாகாது. உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். துருவேறிய நட்டுகளுக்கு முதல்நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். சாதாரண ஸ்பேனர் நட்டின் முனையை மழுக்கிவிடும்; இதற்கென உள்ள, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்பேனரே ஏற்றது. பழைய குழாயை முறிக்காமல் கழற்றினால், புதியதை வளைக்க அதுவே அச்சாக உதவும்.

புதிய குழாயின் விட்டம் 3/16 அங்குலம். பிரேக்குக்கென்றே செய்த எஃகுக் குழாய் அல்லது செம்பு-நிக்கல் கலப்புக் குழாய் வேண்டும். வளைக்க எளிது என்று வெறும் செம்புக் குழாயைப் போடுவோர் உண்டு. அதிர்ச்சியால் செம்பு நாளடைவில் இறுகி வெடிப்பு விடும். ஆகையால் அது தகாது. குழாயின் முனையை இரட்டை மடிப்பாக விரிப்பதை ‘டபுள் பிளேர்’ என்பர். விரிக்குமுன் நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும்; பின்னர் அது நுழையாது. வளைவுகளில் குழாய் நசுங்கக் கூடாது. புகைக்குழாயின் சூட்டிலிருந்து விலக்கி, அசையாதபடி கிளிப்பிட்டுப் பொருத்த வேண்டும்.

ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினோம். பழைய ஹோஸ் உட்புறம் ஊதிக்கொண்டால், மிதிக்கும்போது எண்ணெயைப் போகவிட்டு, காலை எடுத்தபின் திரும்ப விடாது; சக்கரம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

கடைசி வேலை ‘ஏர் எடுப்பது’. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள சிறு திருகைத் திறந்து காற்றுக் குமிழிகளை வெளியேற்றுகிறார். திருகை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். இங்கே பாயில் விதி வருகிறது. குழாயில் 2 கன செ.மீ. காற்று தங்கியிருந்தால், 20 கிலோ அழுத்தத்தில் அது ஏறத்தாழ 0.1 கன செ.மீ.யாகச் சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பவே பெடல் சுமார் 2 செ.மீ. வீணாகக் கீழே போகும். பஞ்சுபோல் அமுங்கும் பெடலின் இரகசியம் இதுதான்.

பிரேக் எண்ணெய்க்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை விட்டால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெடும். உரிய எண்ணெயும் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 3 எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய நிலைக்கு வகுத்த அளவு 140 டிகிரிதான். கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவியும் காற்றைப்போல் அமுங்கும். அந்த ஈரமே குழாயை உள்ளிருந்தும் துருப்பிடிக்க வைக்கும்.

வேலை முடிந்ததும் பெடலை முழு வலிமையோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்தோம். இணைப்புகளையெல்லாம் விளக்குப் பிடித்துப் பார்த்தோம். பிறகே, நடைவேகத்தில் வண்டி நகர்ந்தது.

நண்பர்களே, நம் விடுதி வாசலில் நிற்கும் டிஸ்க் பிரேக் மோட்டார் சைக்கிள்களிலும் இதே விதிதான் வேலை செய்கிறது. எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதை மாற்றுங்கள். ஹோஸில் வெடிப்பு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். நின்ற வண்டியில் ஒருமுறை பிரேக்கை இறுகப் பிடித்துச் சோதியுங்கள். குறையிருந்தால் அது வாசலிலேயே தெரியட்டும்.