உதவி கேட்பவரைச் சோதிக்கலாமா?



“இவனுக்குக் கொடுத்தால் நேரே கள்ளுக்கடைக்குத்தான் போவான்” என்று சொல்லி, நீட்டிய கையை மடக்கிக்கொள்வது நம்மில் பலருக்குப் பழக்கம். இதே சந்தேகத்தை ஐக்கிய அமெரிக்கா சட்டமாகவே எழுதிப் பார்த்தது. அங்கு நடந்தது என்ன என்பதே இவ்வாரப் பாடம்.

1. எந்த உதவி?

அந்நாட்டுச் சர்க்கார் ஏழைகளுக்குச் செய்யும் உதவிகளில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது உணவு உதவி. 1964-ம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற இத்திட்டம் நெடுங்காலம் ‘ஃபுட் ஸ்டாம்ப்’ எனப்பட்டு, 2008-ல் ‘ஸ்நாப்’ என்று பெயர் மாறியது. முன்பு சீட்டு கொடுத்தார்கள், இப்போது அட்டை. அட்டையைக் காட்டி ரொட்டி, பால், இறைச்சி, காய்கறி வாங்கலாம். மதுவும் சிகரெட்டும் வாங்க முடியாது. இரண்டாவது பண உதவி. பிள்ளைகளுள்ள வறிய குடும்பங்களுக்குக் குறிப்பிட்ட காலம்வரை ரொக்கமாகக் கொடுப்பது. ஒன்று சோறு, மற்றொன்று காசு. இதை மறவாதிருங்கள்.

2. யாருக்குக் கிடைக்கும்?

உணவு உதவிக்கு முதல் அளவுகோல் வருமானம். பொது விதிப்படி, குடும்பத்தின் மொத்த வருமானம் சர்க்கார் வகுத்த வறுமைக் கோட்டின் 130 சதவீதத்திற்கு மேற்படலாகாது. முதியோரும் ஊனமுற்றோரும் உள்ள வீடுகளுக்குச் சலுகை உண்டு.

அடுத்தது உழைப்பு. உடல்நலமுள்ளவர், விலக்குப் பெறாதவரானால், மாதம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்று ஆண்டுகளில் மூன்று மாதமே உதவி. 2025-ல் இயற்றிய சட்டம் இவ்விதியை 64 வயதுவரை நீட்டியது; கடைசிப் பிள்ளைக்கு 14 வயது நிறைந்த பெற்றோரையும் சேர்த்துக்கொண்டது. உழைக்க மனமில்லாதவனை அர்ச். சின்னப்பரும் கண்டித்தார் என்பது மெய்யே. ஆனால் மனமில்லாதவன் வேறு, வேலை கிடைக்காதவன் வேறு அன்றோ?

3. போதை பற்றிய விதி

1996-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்தில் இது குறித்து இரண்டு விதிகள் வந்தன. போதைப்பொருள் தொடர்பான பெருங்குற்றத்திற்குத் தண்டனை பெற்றவருக்கு ஆயுள் முழுவதும் உணவு உதவியும் பண உதவியும் இல்லை என்பது ஒன்று. கொலை செய்து தண்டனை முடித்து வந்தவனுக்குக்கூட அச்சட்டம் இப்படியொரு ஆயுள் தடை விதிக்கவில்லை! இத்தடையை நீக்கவோ தளர்த்தவோ மாகாணங்களுக்கு உரிமை இருந்தது. மிகப் பெரும்பாலானவை அவ்வாறே செய்தன. உதவி பெறுவோரைப் போதைப் பரிசோதனைக்கு உட்படுத்த மாகாணங்களுக்குத் தடையில்லை என்பது மற்றொன்று.

4. ஃபுளோரிடாவில் நடந்தது

2011 ஜூலை முதல் ஃபுளோரிடா மாகாணம் பண உதவி கேட்ட ஒவ்வொருவரையும் பரிசோதனைக்கு அனுப்பியது. சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோதனை உண்டு. கட்டணத்தை ஏழையே முதலில் கட்ட வேண்டும்; தேறினால் திரும்பக் கிடைக்கும். தேறாவிட்டால் ஓராண்டுக்கு உதவியில்லை. சிகிச்சை முடித்தால் ஆறு மாதத்தில் மறுபடி கேட்கலாம்.

சோதனைக்கு வந்தவர் 4,046 பேர். போதை தென்பட்டது 108 பேரிடம். அதாவது நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. சோதனைக்கே வராமல் நின்றுவிட்டவர்களும் உண்டு. ஆனால் பயமா, வெட்கமா, கையில் காசில்லாமையா, காரணத்தை யார் அறிவார்?

வழக்கு நடந்தது. 2011 அக்டோபரில் நீதிமன்றம் சட்டத்தை நிறுத்தி வைத்தது. 2014 டிசம்பரில் மேல் நீதிமன்றமும் அது செல்லாது என்றே தீர்ப்பளித்தது. காரணமின்றி ஒருவர் உடலைச் சோதிப்பதை அந்நாட்டு அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தம் தடுக்கிறது. ஏழை என்பதனால் மட்டும் ஒருவர் அந்த உரிமையை இழப்பதில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

அதே 2014-ல் ஜார்ஜியா மாகாணம் உணவு உதவிக்கும் சோதனை வைக்கச் சட்டம் செய்தது. மத்திய சர்க்காரோ, உணவு உதவியின் தகுதிகளை நாடு முழுவதற்கும் வகுத்தாயிற்று, மாகாணங்கள் தங்கள் விருப்பப்படி புதுத் தடை சேர்க்க இயலாது என்று மறுத்துவிட்டது.

5. இரு பக்க நியாயம்

சோதனை வேண்டுமென்பவர்களை இரக்கமற்றவர்கள் என்று தள்ளிவிடக் கூடாது. வரி செலுத்துகிறவன் தன் பணம் நல்வழியில் செல்கிறதா என்று கேட்பது நியாயம். தகப்பனின் போதையால் பிள்ளைகள் படும் பாடும் பொய்யன்று.

ஆயினும் தகப்பன் தேறாவிட்டால் பட்டினி யாருக்கு? இக்கேள்வி ஃபுளோரிடா சட்டத்தாருக்கும் எழுந்தது. ஆகவே பிள்ளைகளின் பங்கை வேறொரு பொறுப்பாளர் வழியாகக் கொடுக்க அவர்களே வழி வைத்தார்கள். மேலும் போதையை விட முயல்கிறவனுக்கும் உணவு வேண்டும். அங்கீகாரம் பெற்ற சிகிச்சை இல்லங்களில் தங்கியிருப்போர் அவ்வில்லத்தின் மூலமாக ஸ்நாப் உதவி பெற அந்நாட்டு விதிகளே இடந்தருகின்றன. திருந்த வருகிறவனைப் பட்டினி போடாமல் ஆதரிப்பதே விவேகம்.

6. நாம் அறிய வேண்டியது

தகுதி பார்ப்பது தவறன்று. இருப்பது சிறிதாயின் அதிக வறியவருக்கு முதலில் கொடுக்க விசாரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தேவையை விசாரிப்பது வேறு, கேட்டவனைக் குற்றவாளியாக நிறுத்துவது வேறு. முன்னது உதவி சரியாய்ப் போய்ச் சேர வழி செய்யும். பின்னது, மானமுள்ள ஏழையை வாசலிலேயே திருப்பி அனுப்பும். 108 பேரைக் கண்டுபிடிக்க எஞ்சிய 3,938 பேரும் தாங்கள் யோக்கியர் என்று நிரூபிக்க வேண்டியிருந்ததை எண்ணிப் பாருங்கள்.

குடும்பமாய் அமர்ந்து ஆராய:

1. உதவி கேட்டு வந்தவரிடம் நாம் கேட்கும் கேள்விகள் அவர் தேவையை அறியவா, நம் மனக்கசப்பைத் தீர்க்கவா?

2. குடிக்கு அடிமையானவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, காசாகக் கொடாமல், உணவாகவோ பள்ளிப் புத்தகமாகவோ கொடுக்க நம்மால் ஆகுமா?

3. அப்பழக்கத்தை விட முயலும் ஒருவருக்கு நம் தெருவில் யார் துணை?