விழாத தாயமும் முத்தில்லாத சிப்பியும்

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் மேசைக் கதை விளையாட்டில் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்த உன் வீராங்கனை கடைசிச் சண்டையில் வாளை ஓங்கியபோதெல்லாம் இருபது முகப் பகடையில் 4, 2, 7 என்றே விழுந்ததையும், முடிவில் 1 விழுந்து அவள் குகை வாசலிலேயே சரிந்ததையும் எழுதியிருந்தாய். சேர்ந்து ஆடுகிற மற்ற நால்வருக்கும் பகடை சொன்னபடி கேட்கிறது, உனக்கு மட்டும் ராசியில்லை, இனி அந்த மேசைக்குப் போவதாக இல்லை என்று முடித்திருந்தாய்.

விளையாட்டுதானே, விட்டுத்தள்ளு என்று நான் சொல்லமாட்டேன். ஒருத்திக்குப் பெயர் வைத்து, ஊர் வைத்து, பேச்சு நடை வைத்து உருவாக்கியவளுக்கு அந்த இழப்பு இழப்புதான். ஆனால் 'ராசியில்லை' என்கிறாயே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. முத்துக்குளித்துறையில் பிறந்த பெண் நீ. அதிர்ஷ்டத்தோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று நம் கரைக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

சலாபம் என்கிற முத்துக்குளிப்பு எப்படி நடந்தது என்று யோசித்துப் பார். மூடிய சிப்பிக்குள் முத்து உண்டா இல்லையா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலான சிப்பிகளில் விலைபோகும் முத்து இருப்பதும் இல்லை. குளிப்பவர் மூச்சை அடக்கி, கல்லின் பாரத்தோடு, சிப்பி வாழும் கடலடிப் பாருக்கு இறங்கி, மேலே கயிறு பிடிப்பவரை நம்பி அள்ளி வந்ததைப் படகில் வைத்துத் திறக்கக்கூடாது. கரைக்கு வந்ததும் மூடிய சிப்பியாகவே பங்கு பிரியும். இலங்கைக் கரையில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசுப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும், அதுவும் திறக்காமலே. ஏலம் எடுத்தவர் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, நாற்றத்தோடு நாள்கணக்கில் காத்திருந்து, கழுவி அரித்துப் பார்த்த பிறகுதான் போட்ட பணம் திரும்புமா என்று தெரியும்.

இப்படிப்பட்ட தொழிலில் மனிதர்கள் புத்தி பேதலிக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. சலாபம் அறிவிப்பதற்கு முன்பே பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று ஒரு கணக்குப் போட்டுவிடுவார்கள். வியாபாரி அந்தக் கணக்கை வைத்து ஆயிரக்கணக்கில் வாங்குவார். ஒரு சிப்பி ஏமாற்றும், பத்து ஏமாற்றும். பல்லாயிரம் சேர்ந்து ஏமாற்றுவது அரிது. குளித்தவர்களோ படகுக்கு வந்த பங்கைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். அவரவர் கையில் வந்த சிப்பியை மட்டும் நம்பி யாரும் கடலில் இறங்கவில்லை.

கணக்கை மறந்து, தொடர்ச்சியை நம்பியவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கும் மன்னார் வளைகுடாவிலேயே சாட்சி இருக்கிறது. இலங்கைப் பார்களில் 1903, 1904, 1905 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சலாபம் நடந்தது. 1905-ல் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசுக்கு வருமானம் ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய். அந்த விளைச்சலைக் கண்டு ஒரு பிரிட்டிஷ் கம்பெனி 1906-ல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்று. 1906, 1907 சலாபங்களோடு சரி. பிறகு சிப்பி இல்லை. 1912-ல் கம்பெனியையே கலைத்தார்கள். நம் தூத்துக்குடிப் பக்கமும் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் சலாபம் நடந்தது. 1961-க்குப் பிறகு இன்றுவரை இல்லை.

அந்தக் கம்பெனி மூன்று நல்ல ஆண்டுகளைக் கடலின் குணம் என்று எடுத்துக்கொண்டது. நீ சில கெட்ட மாலைகளை உன் குணம் என்று எடுத்துக்கொள்கிறாய். இரண்டும் ஒரே பிழை.

உன் மேசைக்கு வருவோம். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஒரு காரியத்தை, அதாவது இருபது முகப் பகடையில் 11-ம் அதற்கு மேலும் தேவைப்படுகிற ஒன்றை, ஒரு மாலையில் நீ 30 தடவை உருட்டுகிறாய் என்று வை. எங்காவது தொடர்ந்து ஐந்து தடவை தோற்பதற்கு எவ்வளவு வாய்ப்பு? மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம், 37 விழுக்காடு வரை. ஐந்து பேரும் அதே அளவு உருட்டினால், பத்து மாலைகளில் ஒன்பதில் யாராவது ஒருவருக்கு அந்த ஐந்து தொடர் தோல்வி வந்தே தீரும். உன் கதையின் உச்சத்தில் அது உன்னிடம் வந்தது. வேறொரு நாள் பூட்டைத் திறக்கும்போது பக்கத்து நண்பனிடம் வந்திருக்கும். பூட்டுதானே என்று எல்லாரும் மறந்திருப்பீர்கள். நமக்கு நினைவில் நிற்பது வலித்த உருட்டல்கள்தான்.

ஆச்சியோடு தாயம் ஆடியவள் நீ, அதிலும் இதே கணக்குதான். 0, 1, 2, 3 என்று புள்ளி வைத்த இரண்டு தாயக்கட்டைகளை உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அவற்றில் தாயம் என்பது ஒன்றும் வெறுமையும் சேர்ந்து விழும் இரண்டே விதம், எட்டில் ஒரு பங்கு. பத்துத் தடவை உருட்டியும் தாயமே விழாமல் காய் இறங்காது உட்கார்ந்திருப்பது நாலு ஆட்டத்துக்கு ஒரு ஆட்டத்தில் நடக்கும். இதற்காகத் தாயக்கட்டையைத் தூக்கி எறிந்த கிழவியை நான் பார்த்ததில்லை. பத்துத் தடவை விழவில்லை, பதினோராவது விழுந்தே ஆகவேண்டும் என்று நினைப்பதும் தவறு. கட்டைக்கு நினைவாற்றல் கிடையாது. பதினோராவது தடவையும் அதே எட்டில் ஒன்றுதான்.

பகடைக்கும் கணக்குக்கும் உள்ள உறவு பாரதத்தில் அழகாக வருகிறது. சூதில் எல்லாவற்றையும் தோற்றுக் காட்டில் இருக்கும் தருமருக்குப் பிருகதசுவர் என்ற முனிவர் நளன் கதையைச் சொல்கிறார். நளனும் பகடையில் நாடு இழந்தவன். பிறகு அவன் தேரோட்டியாக வேலை பார்க்கும்போது, இருதுபர்ணன் என்ற அரசன் வழியில் நின்ற ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் பார்வையாலேயே கணக்கிட்டுச் சொல்கிறான். நளன் நம்பாமல் மரத்தை வெட்டி எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது. பகடையின் நுட்பத்தை நளன் கற்றுக்கொள்வது அந்த அரசனிடம்தான். பகடை தெரிந்தவன் எண்ணத் தெரிந்தவன் என்று அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. நம் பார்களில் எடுத்த மாதிரிச் சிப்பிக் கணக்கும் இந்த வழியைச் சேர்ந்ததே.

ஆகவே நீயும் எண்ணு. பகடைமேல் சந்தேகம் இருந்தால் ஒரு கிளாஸ் தண்ணீரில் நம் ஊர் உப்பைக் கரையும் மட்டும் கரைத்து, பகடையை மிதக்கவிட்டுச் சுண்டிப் பார். திரும்பத் திரும்ப ஒரே முகம் மேலே வந்தால் உள்ளே ஏற்றத்தாழ்வு இருக்கலாம். அதைவிட நம்பகமானது குறிப்பேடு. 200 தடவை உருட்டி எழுது. ஒவ்வொரு முகமும் சராசரியாகப் பத்துத் தடவை வரவேண்டும். ஒரு முகம் ஐந்து தடவையும் இன்னொன்று பதினைந்து தடவையும் வந்தாலும் பகடையைக் குற்றம் சொல்ல அது போதாது. வெல்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 12 பகடைகளை 26,306 தடவை உருட்டிப் பதிந்தார். 5-ம் 6-ம் சேர்ந்து நூற்றுக்கு 33.33 வரவேண்டிய இடத்தில் 33.77 வந்தது. அந்தச் சிறு கோணலைப் பிடிக்கவே அவ்வளவு உழைப்பு வேண்டியிருந்தது. ஒரு மாலையின் அழுகையை வைத்துப் பிடிக்க முடியாது.

ராசியான பகடை, சரியாக விழாததால் 'சிறையில்' ஒதுக்கிவைத்த பகடை என்றெல்லாம் உங்கள் குழுவில் பழக்கம் இருப்பதாக எழுதியிருந்தாய். அதை நான் இகழமாட்டேன். சலாபத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் என்று நம்பிக்கை. 13-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவே, அப்படிப்பட்டவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்ததைக் குறித்திருக்கிறார். சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, குளிப்பவர் பதறாமல் இறங்கினார். ராசியான பகடை என்று ஒன்று உன் கை நடுக்கத்தை நிறுத்துமானால் வைத்துக்கொள். கயிறு பிடிப்பவர் இல்லாமல் மந்திரத்தை மட்டும் நம்பி யாரும் குளிக்கவில்லை என்பதை மறக்காதே.

உன் கயிறு எது என்று சொல்கிறேன். உருட்டுவதற்கு முன் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் சாதகமான நிலையில் இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? 11 தேவைப்படும் இடத்தில் உன் வாய்ப்பு 50-லிருந்து 75 விழுக்காடாக ஏறும். 1 விழுவது இருபதில் ஒன்றிலிருந்து நானூற்றில் ஒன்றாக இறங்கும். அந்தச் சாதகத்தைச் சம்பாதிக்கப் பார்: தோழனை உதவச் சொல், ஒளிந்திருந்து தாக்கு, எதிரியை முதலில் கீழே தள்ளு. மேஜிக் மிசைல் போன்ற மந்திரத்துக்குத் தாக்குதல் உருட்டலே வேண்டாம். கையில் அப்படி ஒன்றிரண்டு இருக்கட்டும். மூன்று ஆறு முகப் பகடைகளைக் கூட்டுகிற ஆட்டங்களும் உண்டு. அங்கே கிட்டத்தட்டப் பாதித் தடவை 9 முதல் 12 வரைதான் விழும். இருபது முகத்தின் திடீர்க் குதிப்பு உனக்கு ஒத்துவராவிட்டால் குழுவோடு பேசி அதையும் ஆடிப் பார்க்கலாம். எப்படியானாலும் முழுக்கதையையும் ஒரே உருட்டலில் வைக்காதே.

விழுந்த பிறகு செய்யவேண்டியது இதைவிட முக்கியம். 1 விழுந்ததும் உன் வீராங்கனை தடுமாறினாள், வாள் நழுவியது என்று நீயே அவளைக் கோமாளியாக்காதே. அவள் தேர்ந்தவள்; எதிரி அவளைவிடத் தேர்ந்தவனாக இருந்து விலகினான், குகையின் ஈரத்தில் கால் வழுக்கியது என்று சொல். தோற்ற கணத்தை உன் வாயால் விவரிப்பது உன் உரிமை. அந்த நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினால் அந்த உரிமையைப் பிறரிடம் கொடுத்துவிடுகிறாய்.

கதை நடத்துகிற நண்பனிடமும் பேசு. உருட்டுவதற்கு முன், "தோற்றால் என்ன நடக்கும்?" என்று கேள். "ஒன்றும் நடக்காது, மறுபடி உருட்டு" என்பது பதிலானால் அங்கே பகடையே தேவையில்லை. முயல்தீவுக் கலங்கரை விளக்கத்தில் இரவில் ஏறுகிறாய், பகடை ஏமாற்றுகிறது என்று வை. ஏறவில்லை என்பதோடு நிறுத்தினால் கதை செத்தது. ஏறிவிட்டாய், ஆனால் கயிறு அறுந்து கீழே விழுந்தது, காவலாளி விழித்துக்கொண்டான் என்றால் கதை ஓடுகிறது. டஞ்சன் வேர்ல்ட் என்ற ஆட்டத்தில் தோற்கும் ஒவ்வொரு தடவையும் பாத்திரத்துக்கு ஓர் அனுபவப் புள்ளி உண்டு. தோல்விக்குக் கூலி கொடுக்கும் அந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் மேசையிலும் அதைக் கேட்டு வாங்கலாம்.

ஒன்றை மட்டும் ஒப்பிட்டுப் பார். வெறும் சிப்பியோடு கரையேறியவருக்கு அது அடுப்பெரியாத நாள். உனக்கு அது கதையில் ஓர் அத்தியாயம். இந்தச் சலுகையைக் கைவிட்டு எழுந்து போகாதே.

வருகிற வாரம் மேசைக்குப் போ. விழுந்தவளின் தங்கையாகவோ தோழியாகவோ ஒரு புதுப் பெண்ணை எழுது. அவள் நம் கரையில் சங்கு குளிக்கிறவளாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. ஆழம், நீரோட்டம், பார் என்று அவளுக்குத் தெரியவேண்டியதையெல்லாம் நான் எழுதி அனுப்புகிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது 200 உருட்டல் எழுதிய குறிப்பேட்டைக் கொண்டு வா, சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா
தூத்துக்குடி